டீச்சரம்மா வீட்டு வராந்தா

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு

தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். மெல்பர்னில் கூட வேலை செய்யும் பெண்ணையும் அவள் குழந்தையையும், பிரிந்துபோன தகப்பன் பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் நிலையத்தில் காரில் இறக்கிவிடப் போனாயாமே. தாய்க்கு ஒரு வாசல், தகப்பனுக்கு வேறு வாசல், இருவரும் வரும் நேரத்துக்கு நடுவே கால் மணி நேரம், உள்ளே ஓர் ஊழியர் கண்ணும் காதுமாகக் கூடவே. "அம்மா, டீச்சரம்மா வீட்டு வராந்தாவும் இதுதானா? பென்ஷன் வாங்கினவங்க ஏன் சனிக்கிழமையெல்லாம் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாய்.

ஆமாம் தம்பி, அதேதான். பேப்பர் திருத்துகிறார் என்று உன்னிடம் சொன்னது நான்தான்.

2003இல் லயத்து வீட்டை விட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த ராத்திரி உனக்கே ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரி, போலீஸ் ரிப்போர்ட், பிறகு மாஜிஸ்திரேட் கொடுத்த இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் நீ பிறந்த 1996இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு சட்டம் இருப்பதே போலீஸ் நிலையத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

என்மேல் கை வைக்கக்கூடாது என்றது ஆணை. நீ அப்பாவைப் பார்க்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ராத்திரியில் அவரைத் தேடி அழுவாய்.

முதல் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னைக் கொடுத்தேன். வீட்டை விட்டு வந்ததோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். பிள்ளையைக் கை மாற்றும் அந்த இரண்டு நிமிஷம்தான் பெரிய ஆபத்து. இரண்டாவது தடவை என் மணிக்கட்டை முறுக்கினார். நீ என் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாய். அன்று ராத்திரி, "நம்ம புது வீட்டு நம்பர் என்னம்மா? அப்பா பார்த்துட்டு வரச் சொன்னாரு" என்றாய். மணிக்கட்டு வலியைவிட அதுதான் எனக்கு வலித்தது. ஏழு வயசுப் பிள்ளை உளவு பார்க்கப் போகலாமா?

விவாகரத்து வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நடந்தது. பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்கு நீதிமன்றம் நிபந்தனை போடலாம் என்று வக்கீல் சொன்னார். மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒருவர் முன்னிலையில் என்று ஆணை வந்தது. இந்த ஊரில் அதற்கென்று நிலையம் ஏது? டீச்சரம்மா தமிழ்ப்பள்ளியில் உன் அப்பாவுக்கே பாடம் சொன்னவர். அவர் எதிரில் உன் அப்பா குரலை உயர்த்த மாட்டார்.

காதோடு ரகசியம் பேசக்கூடாது, அம்மா எங்கே இருக்கிறாள் என்று பிள்ளையிடம் கேட்கக்கூடாது, குடித்துவிட்டு வந்தால் வாசலோடு திரும்ப வேண்டும். எல்லாம் டீச்சரம்மா போட்ட சட்டம்தான். அவர் எழுதியது பேப்பரில் அல்ல, 555 என்ற சின்ன நோட்டில். "சம்சு வாடை. அனுப்பிவிட்டேன்" என்று எழுதியவர்தான், "பம்பரம் விடக் கற்றுக்கொடுத்தார். பையன் வாய்விட்டுச் சிரித்தான்" என்றும் எழுதினார். உன் அப்பாவைப் பற்றி நல்லதாக எழுதுவானேன் என்று எனக்குக் கோபம் வந்தது. "நான் உன் பக்கமும் இல்லம்மா, அவன் பக்கமும் இல்ல. பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கேன்" என்றார். அப்படி ஓர் ஆள் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பிள்ளைகளை விடுவது, சொல்லு?

போன வாரம் நம் தாமானில், அதான் நம் குடியிருப்பில், ஒரு பெண் முகம் வீங்கிப்போய் வந்தாள். 15999 உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். 2018 முதல் சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், என் காலத்தில் அது இல்லை. ஆனால், "பிள்ளைய எங்கக்கா வச்சுக் காட்டுறது?" என்று அவள் கேட்டபோது பதில் இல்லை. டீச்சரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். நானே உட்காரலாம் என்றால், நான் அவளுக்கு வேண்டியவள். நடுவில் உட்கார முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா வந்துவிட்டார் என்று டீச்சரம்மா போன் செய்த பிறகுதான் உன்னைக் கூட்டிப்போவேன், நீ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து ஏமாறக்கூடாது என்று. போன் வராத சனிக்கிழமைகளில் டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேனே, அதுதான் காரணம்.

அம்மா