பாப்பாவின் முட்டி

அன்புள்ள ராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, பாப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

பாப்பாவின் டென்னிஸ் அரையிறுதி வீடியோ பார்த்தேன். கடைசி செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்து அவள் ஜெயித்ததை அப்பாவுக்கு மறுபடியும் போட்டுக் காட்டினேன். அந்த பேக்ஹேண்ட் யாரிடமிருந்து வந்ததோ, நம் வீட்டில் யாருக்கும் அப்படிக் கை ஓடாது. ஆனால் இடைவேளையில் உட்காரும்போது வலது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தாள். நீ பார்த்தாயா? ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்திருப்பாய்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இந்த வயதில் எலும்பு வேகமாக வளர்கிறது, தொடைத் தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. அந்தத் தசையின் நார் முட்டிச் சில்லைத் தாண்டி, கணுக்கால் வரை போகும் பெரிய எலும்பின் மேல்முனையில் பிடித்திருக்கிறது. அந்த இடம் இன்னும் முழுசாக இறுகவில்லை. ஓடி, குதித்து, சட்டென்று நின்றால் நார் அதையே இழுக்கும். முட்டிக்குக் கீழே மேடாக வீங்கி, தொட்டால் வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பயப்படும் வியாதி இல்லை, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வலியோடு ஆட ஆட இழுத்துக்கொண்டே போகும். மாடிப்படி ஏறும்போது அவளைப் பின்னாலிருந்து பார். சும்மா பார், கேள்வி கேட்காதே.

வாரத்துக்கு 16 மணி நேரம் பயிற்சி என்றாயே, அவளுக்கு வயது 12. வயது எவ்வளவோ அதற்கு மேல் வாரப் பயிற்சி மணி போகக் கூடாது என்பார்கள். வாரத்தில் ஒரு நாளாவது ராக்கெட்டைத் தொடாமல் இருக்க வேண்டும், வருஷத்தில் மொத்தம் 3 மாதம் அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் ஆலோசனை. உன் கோச்சுக்குத் தெரியாததா? நீயே படித்திருப்பாய். இத்தனை செலவு செய்து, விடியுமுன் எழுந்து கொண்டுபோய் விடும் அப்பா எத்தனை பேர்! அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பும் வழியில் காரில் நடக்கும் பேச்சு? தோற்றால் ஒரு பேச்சு, ஜெயித்தால் அதைவிட நீளமான பேச்சு. அப்படி இருந்தால் எந்தப் பிள்ளை வலிக்கிறது என்று வாய் திறக்கும்?

உன் மணிக்கட்டு விஷயம் நினைவிருக்கும், நான் சொல்ல வேண்டாம். அதே ரத்தம்தானே.

ரேங்கிங் போய்விடும் என்பாய். ஆஸ்திரேலிய டென்னிஸ்காரி ஆஷ்லி பார்ட்டி 2011-இல், 15 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினாள். 2014-இல் டென்னிஸே வேண்டாம் என்று விலகினாள், நடுவில் கிரிக்கெட் கூட ஆடினாள். 2016-இல் திரும்பினாள். 2019-இல் பிரெஞ்சு ஓப்பன், 2021-இல் விம்பிள்டன். ஒன்றரை வருஷம் போனவளுக்கே கை மறக்கவில்லை. நான் கேட்பது சில வாரம். சரி, நான் யார் கேட்க, டாக்டர் சொல்வதைக் கேள்.

சின்னவன் எப்படி இருக்கிறான்? கேலரியில் உட்கார்ந்தே வீட்டுப்பாடம் முடிக்கிறானாம். அது தனிக் கடிதம்.

அடுத்த போட்டிக்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போ. ஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொன்னார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொள். உள்ளே அவள் அம்மாவை அனுப்பு, நீ வெளியே உட்கார். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, போனில் சொல்லாதே. பாட்டி சொல்லித்தான் போனோம் என்று பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா