தண்ணீரே இல்லாத காருக்குக் கூலன்ற் மாற்றியதாகப் பில்: பணத்தைத் திருப்பித் தரவும்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஸ்காபரோ கராஜில் நான் விட்டிருந்த 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி காரின் சூடேறும் பிரச்சினை பற்றி எழுதுகிறேன். போனில் கதைத்துக் களைத்துவிட்டேன். ஒருவர் மற்றவரிடம் கொடுக்கிறார், மற்றவர் "பொஸ் வந்தவுடனே எடுப்பார்" என்கிறார், பொஸ் எடுப்பதேயில்லை. அந்த பொஸ் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். ஆகவே எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

பழைய ஜேர்மன் கார்களில் கைதேர்ந்தவர்கள் என்று தமிழ் வானொலியில் நீங்கள் செய்த விளம்பரத்தைக் கேட்டுத்தான் வந்தேன். அதனால் 911 என்றால் என்னவென்று உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை என்று நம்பினேன். 1998இல் காற்றால் ஆறும் வரிசை நிற்கும்வரை 911 எஞ்சினை ஆற்றியது காற்றும் ஒயிலும்தான். றேடியேற்றர் கிடையாது, தண்ணீர் பம் கிடையாது. அப்படியிருக்க, உங்கள் முதல் பில்லில் "கூலன்ற் மாற்றம், 189 டொலர்" என்று ஒரு வரி இருக்கிறது. றேடியேற்றருக்குள் ஊற்றும் அந்தக் கலவையை எந்த ஓட்டைக்குள் ஊற்றினீர்கள்? கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தாங்கிக்குள்ளா? பகிடிக்குக் கேட்கவில்லை ஐயா. எழுத்தில் பதில் வேண்டும்.

நான் காரைக் கொண்டுவந்தபோது சொன்ன குறை இதுதான்: ஊருக்குள் மெதுவாக ஓடினால் ஒயில் சூடு காட்டும் முள் நடுவிலே நிற்கிறது. 401 நெடுஞ்சாலையில் ஏறி ஒரே வேகத்தில் ஓட ஓட ஏறுகிறது, சிவப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பழைய 911 தெரிந்த எவருக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. வேகமாக ஓடும்போது முன் மட்காட்டுக்குள் இருக்கும், ஒயிலை ஆற்றும் கூலருக்கு நல்ல காற்று அடிக்கும், சூடு இறங்கவேண்டும். ஏறுகிறது என்றால் ஒயில் அங்கே போகிறதா என்றுதானே முதலில் பார்ப்பார்கள்?

நீங்கள் பார்க்கவில்லை. "கூலர் அடைச்சுப்போச்சு" என்றீர்கள். வலது முன் மட்காட்டுக்குள் இருந்த பித்தளைக் குழாய்க் கூலரைக் கழற்றிவிட்டு, பின்னாட்களில் வந்த 3.2 கரேராவில் உள்ளதுபோல் செட்டை வைத்த கூலரும் மின்விசிறியும் பூட்டி 3,400 டொலர் வாங்கினீர்கள். கூலர் நல்ல கூலர், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதற்குள் ஒரு சொட்டு ஒயில்கூடப் போகவில்லை! கழற்றிய பழைய கூலர் எங்கே? கேட்டதற்கு "எறிஞ்சாச்சு" என்றார் உங்கள் பையன். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கழற்றிய பாகங்களை வாடிக்கையாளரிடம் தரவேண்டும் என்பது உங்கள் கராஜ் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும், முன்மேசையில் எந்நேரமும் காதில் ஒரு கருவியோடு இருப்பவர். கார் மூன்றாவது முறையும் சூடேறியது என்று சொல்லப் போனேன். போனிலிருந்து கண்ணெடுக்காமலே, "அங்கிள், இந்தப் பழைய தகரத்தோட ஏன் மினக்கெடுறீங்கள்? வித்துப்போட்டு ஒரு கொரோலா எடுங்கோ, ஏசியும் வேலை செய்யும்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வயதுக்கு மரியாதை தரவேண்டாம், கட்டிய காசுக்காவது தரலாம். கொரோலா என் வீட்டில் ஏற்கெனவே நிற்கிறது. அதைத் திருத்த நான் உங்களிடம் வரவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் மிசிசாகா போய்வந்த கதையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. "தெர்மோஸ்ராற் வந்திட்டுது, மிசிசாகா கிளைக்குக் கொண்டுவாங்கோ, அங்கதான் போர்ஷே ஆள் நிக்கிறார்" என்று உங்கள் ஆள்தான் போன் பண்ணினார். ஒயில் சூடானதும் அதைக் கூலருக்குத் திறந்துவிடும் வால்வுதான் அது. மேற்படி கார் சூடேறுகிறது என்று தெரிந்தும், யூலை மாத வெயிலில், ரொறன்ரோவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே அடுத்த நகரத்துக்கு! 401இல் நெரிசல் என்பதால் 407இல் போனேன், அதற்குக் கட்டிய சுங்கம் வேறு. போய்ச் சேர்ந்தால் போர்ஷே ஆள் விடுமுறையில். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்தது 996 என்ற பிந்திய 911க்கு உரிய தெர்மோஸ்ராற். அது தண்ணீர்க் காருக்கானது! தண்ணீர்க் குழாய் இல்லாத காரில் அதை எங்கே பூட்டுவது என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "பாட்ஸ் நம்பர் ஒபீஸ்காரர் போட்டது" என்றார். திரும்பி வரும் வழியில் முள் சிவப்பைத் தாண்டியது. ஓரம்கட்டி, ரோ றக் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அந்த ரோ றக் காசும் உங்கள் கணக்கில்தான். உங்கள் திருத்தத்துக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சட்டத்தில் இருக்கிறது, அதற்குள் பழுதானால் இழுத்துவரும் செலவும் திருத்தியவர் பொறுப்பு.

அதற்கும் பிறகு நீங்கள் அனுப்பிய பில்லில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "தெர்மோஸ்ராற் பரிசோதித்தது, சரி." சரியென்றால் புதிதாக எதற்கு ஓடர் பண்ணினீர்கள்? பிழையென்றால் பிறகு எப்படிச் சரியானது?

கடைசியில் பிக்கரிங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். தமிழர் அல்லர், விளம்பரமும் இல்லை. காரைச் சூடாகும்வரை ஓட்டினார், வீட்டு முற்றத்தில் நிறுத்தினார், வலது முன் சில்லுக்குப் பின்னால் கைவிட்டுக் கூலருக்குப் போகும் குழாயைத் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார். எஞ்சின் கொதிக்கிறது, குழாய் குளிர்ந்து கிடக்கிறது. பரிசோதனை அவ்வளவுதான். ஒரு சதம் செலவில்லை.

தெர்மோஸ்ராற் வலது பின் சில்லுக்கு முன்னால், காருக்கு அடியில் இருக்கிறது. ஒயில் 83 பாகை அளவுக்குச் சூடானதும் அது திறந்து ஒயிலை முன் கூலருக்கு அனுப்பவேண்டும், அதுவரை ஒயில் நேரே தாங்கிக்குத் திரும்பும். என் காரில் அது மூடியபடியே இறுகிக் கிடந்தது. அதன் நட்டுகளில் பழைய உப்பும் சேறும் அப்படியே பூத்துப்போயிருந்ததைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் யாரும் ஸ்பானர் வைத்த அடையாளமே இல்லை. அந்த இரும்பு நட்டுகள் அலுமினிய உடலோடு ஒட்டிப்பிடிக்கும், கழற்றுவது கரைச்சலான வேலை என்பது எனக்கும் தெரியும். கரைச்சல் என்று சொல்லியிருந்தால் விளங்கிக்கொண்டிருப்பேன். பார்த்தோம் என்று எழுதிக் காசு வாங்கியதைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

விசிறி பெல்ற்றும் தளர்ந்திருந்தது. கப்பியின் இரு பாதிகளுக்கு நடுவில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையங்களில் ஒன்றிரண்டை வெளிப்பக்கம் மாற்றினால் பெல்ற் இறுகும், பிக்கரிங் பெரியவர் தேநீர் ஆறுவதற்குள் செய்துமுடித்தார். எஞ்சினைச் சுற்றியிருந்த றப்பர் பட்டியில் ஒரு பக்கம் காணவில்லை. கீழே இருக்கும் சூட்டுக் காற்றை விசிறி திரும்ப இழுக்காமல் தடுப்பது அதுதான். உங்களிடம் வரும்போது அது இருந்தது.

இன்னொன்று, இதை முன்பே எழுதியிருக்கவேண்டும். உங்கள் கராஜில் ஒயில் அளவு பார்த்தவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்ரிக்கை இழுத்திருக்கிறார். இந்தக் காரில் எஞ்சின் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே, சமதரையில் பார்க்கவேண்டும். குளிரில் பார்த்தால் ஒயில் குறைவாகத்தான் தெரியும். குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றியிருக்கிறார். கூடுதலான ஒயில் எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் பெட்டிக்குள் போய், அடுத்த நாள் வீதியெல்லாம் வெள்ளைப் புகை. எனக்குப் பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்த அடி!

பிறகு நீங்களே போன் பண்ணி, வின்ரரில் எலி கூடு கட்டிக் காற்றுப் போகும் வழியை அடைத்திருக்கும், எஞ்சினை இறக்கிப் பார்க்க 9,000 டொலர் ஆகும் என்றீர்கள். எலி கட்டியிருக்கலாம்தான், நிறுத்திவைத்த கார்களில் அது நடப்பதுதான். ஒரு கமெராக் குழாயை விசிறிக்குள் விட்டுப் பார்க்காமலே எப்படித் தெரிந்தது? பெரியவர் விட்டுப் பார்த்தார். ஒரு சருகுகூட இல்லை.

என் நட்டத்தை எதில் அளப்பது? இந்த நாட்டில் இப்படியொரு காரை ஓட்டக் கிடைப்பதே மே தொடக்கம் ஒக்ரோபர் வரைதான். இந்த வருடம் எனக்குக் கோடையே இல்லை. மகளின் கலியாணத்துக்கு அவளை அந்தக் காரில் மண்டபத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தேன். வாடகை வானில் போனோம். சொந்தக்காரர் எல்லாரும் "எங்கே உங்கட போர்ஷே?" என்று கேட்டுவிட்டார்கள், குடும்ப மானமே போய்விட்டது. அவ்வளவு சூட்டில் ஓடிய எஞ்சினின் ஆயுளும் பாதியாகியிருக்கும். விற்கப் போனாலும் இனி யார் வாங்குவார்கள்?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. நம்மவர் ஒருவர் இந்த ஊரில் கராஜ் நடத்தி முன்னேறுவது எனக்கும் பெருமைதான். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். கூலன்ற் என்று எடுத்த 189 டொலர், தெர்மோஸ்ராற் பார்த்ததாக எடுத்த காசு, கூலர் பூட்டிய கூலி, ரோ றக், 407 சுங்கம், பிக்கரிங் பெரியவர் வாங்கிய கூலி, எல்லாவற்றுக்கும் காசோலை வேண்டும். எழுத்தில் தந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி நீங்கள் எடுத்த தொகையும் அதில் சேரவேண்டும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. மற்றபடி, முன்மேசைப் பையன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும்.

இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு போடுவேன், சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்கும் போவேன். பில்கள், படங்கள், உங்கள் ஆட்களின் குறுஞ்செய்திகள் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறேன். விளம்பரம் போன அதே வானொலியின் நேயர் நேரத்திலும் எனக்குக் கதைக்கத் தெரியும். அந்த நிலைமை வராது என்று நம்புகிறேன்.

காரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் போன் பண்ணவேண்டாம். காசோலையைத் தபாலில் அனுப்பினால் போதும், முகவரி உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
911 எஸ்சி உரிமையாளர்
ஸ்காபரோ