இரண்டாம் தவணை நிறைவும் திருகோணமலைக் கல்விச் சுற்றுலாவும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இரண்டாம் தவணை நிறைவுக்கு வந்துள்ளது. தமிழ்மொழித்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் நம் பிள்ளைகள் பாராட்டும்படி பங்குபற்றினர். தவணைப் பரீட்சைப் பெறுபேறுகளும் பொதுவாகத் திருப்தியளிக்கின்றன. விவரங்களை வகுப்பாசிரியர்கள் தெரிவிப்பார்கள்.

மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்பதால், திருகோணமலைச் சுற்றுலாவை இத்தவணையில் வைத்தோம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய திருக்கோணேச்சரத்தையும், 1622இல் அக்கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டு எழுப்பியதும், பின்னர் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியதுமான கோட்டையையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும், நிலாவெளிக் கடற்கரையையும் பிள்ளைகள் பார்வையிட்டனர்.

பார்வையிட்டனர் என்று எழுதும்போதே சற்றுத் தயக்கம் ஏற்படுகிறது. கையடக்கத் தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்று அறிவித்து, உங்கள் கையொப்பமும் பெற்றிருந்தோம். ஆயினும் பல பைகளில் தொலைபேசிகள் இருந்தன. அவற்றுட் சில வீட்டிலேயே கொடுத்தனுப்பப்பட்டவை. அத்தனை தூரம் போகும் பிள்ளையின் குரலை இரவில் ஒருதரம் கேட்கவேண்டும் என்ற உங்கள் மனம் எமக்கு விளங்காமலில்லை. ஆனால் நடந்தது வேறு. பேருந்தில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்த செய்தி, நாங்கள் ஹபரணையைக் கடக்குமுன்பே, பேருந்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதாகத் தேயிலைத் தோட்டமெங்கும் பரவியது. கன்னியாவில் ஒவ்வொரு கிணற்று நீரின் சூட்டையும் ஒப்பிட்டு எழுதும்படி விஞ்ஞான ஆசிரியர் கொடுத்த தாள்கள் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்பின. படங்களுக்கு மட்டும் குறைவில்லை.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கோணேசர் கோயிலருகே இராவணன் வெட்டுப் பகுதியில் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அங்கே மாணவர் சிலர் வரிசையை விட்டு விலகி, தம்மைத் தாமே படமெடுப்பதற்காக ஓரத்துக்குச் சென்றுவிட, ஆசிரியர் ஒருவர் ஓடிச்சென்று இழுத்து நிறுத்த நேர்ந்தது. அந்த ஆசிரியரிடமே, தொலைபேசியை ஏன் பறித்தீர்கள் என்று பெற்றோர் சிலர் வாதிட்டது வருத்தத்துக்குரியது. இனிமேல் தொலைபேசியுடன் வரும் எந்தப் பிள்ளையும் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றப்படமாட்டார். கட்டிய பணமும் திருப்பித் தரப்படமாட்டாது. இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

உங்கள் கவலையைத் தீர்க்கவேண்டியது எமது பொறுப்பு. அடுத்த பயணத்திலிருந்து பொறுப்பாசிரியர் ஒருவரின் இலக்கம் முன்கூட்டியே தரப்படும். ஒவ்வொரு நாளும் இரவு உணவுக்குப் பின் பிள்ளைகள் அதிலிருந்து வீட்டாருடன் பேசலாம். எடுத்துவைக்கப்பட்ட தொலைபேசிகளைப் பெற்றோர் நேரில் வந்து அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாருக்கு வசதியாக, மாலை வேலை முடிந்து வரும் நேரம்வரை அலுவலகம் திறந்திருக்கும்.

சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சுற்றுலாப் பணம் கட்டியவர்களுக்கும், விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சோற்றுப் பொதி கட்டித் தந்தவர்களுக்கும், பனிமூட்டத்தில் பேருந்து வரும்வரை வாசலில் காத்திருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களுக்கும் பாடசாலைச் சமூகத்தின் மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
அதிபர்