ஆரோக்கியக் கட்டுரைக்குக் கீழே அந்த விளம்பரம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் இதயத்தைக் காக்கும் உணவுகள் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. அதற்கு நேர் கீழே ஒரு கட்டம் கட்டிய விளம்பரம்: இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா, இல்லறத்தில் தோல்வியா, ஒரே மண்டலத்தில் முழு ஆண்மை. பிறகு ஊர் ஊராக லாட்ஜ் பெயர்கள், வைத்தியர் தங்கும் தேதிகள். எங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

நான் திருப்பூரில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். அந்த விளம்பரத்தைப் படித்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது என் கடை வாசலில்தான் என்பதால் எழுதுகிறேன்.

இது இளைஞர்களின் ஊர். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். இரவு ஒன்பதுக்கு மேல், கடையில் வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவர்களில் சிலர் வருவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவென்றால் கூடுதலாக வருவார்கள். முதலில் இருமல் மிட்டாய் வாங்குவார்கள். மற்றவர்கள் போகும்வரை ஏதாவது ஒரு டானிக் பாட்டிலை எடுத்துப் படித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு செல்போன் நீளும். திரையில் ஒரு மாத்திரை அட்டையின் படம். "நண்பனுக்கு, அண்ணா." திருப்பூரில் எல்லா நண்பர்களுக்கும் ஒரே வியாதிதான் போலிருக்கிறது.

அது சில்டெனாபில், வயாகரா என்று ஊரறிந்த விறைப்புக் குறைபாட்டு மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. நான் கொடுப்பதில்லை. அடுத்த கடையில் கிடைக்கிறதே என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நின்று பேசுகிறவர்களும் உண்டு. இதைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தொடாதவர்கள். இது கிழவர்களின் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இத்தாலியின் மிலான் நகரில் விறைப்புக் குறைபாட்டுக்காக முதன்முறையாக மருத்துவமனைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்.

வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் இரண்டு விதமான குறைகள் கலந்து கிடக்கின்றன. ஆசையே எழவில்லை என்பது ஒன்று. ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் அதே மாத்திரையைக் கேட்கிறார்கள். நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்டு, வேறு பயன் தெரியவந்து, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. மனம் கிளர்ந்தால் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடும், ரத்தக் குழாய் விரியும். அந்த விரிவு சீக்கிரம் அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆசையை அது உண்டாக்காது. ஆசை இல்லாதவர் விழுங்கினால் தலைவலிதான் மிச்சம்.

ஆசை குறைவதற்கு இந்த ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தூக்கத்தை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் சுரக்கிறது. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அந்த ஹார்மோனின் பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஒரே அறையில் ஆறு பேர் படுத்து, நள்ளிரவு வரை செல்போன் பார்ப்பவருக்கு எந்த லேகியம் என்ன செய்யும்? மனச்சோர்வு, குடி, தைராய்டு, மனச்சோர்வுக்கே கொடுக்கும் சில மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. மாத்திரைதான் காரணம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அவரே மாற்றித் தருவார். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டுமஸ்தாக வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களின் கதை இன்னும் பரிதாபம். ஊசி வழியாக வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். பார்க்க மல்லன், உள்ளே விந்தகம் சுருங்கிக்கொண்டிருக்கும்.

இனி உடம்பு ஒத்துழைக்காத கதை. உங்கள் இதயக் கட்டுரையோடு சேர வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. ஆண்குறிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் தமனி மூன்று, நான்கு. கொழுப்பு படியத் தொடங்கினால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே படுக்கையறையில் தகவல் வந்துவிடும். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், முப்பத்து நான்கு வயது, ஊர் ஊராக வரும் வைத்தியர்களிடம் மாதச் சம்பளங்களைக் கொட்டிவிட்டு என்னிடம் வந்தார். அடிக்கடி தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா என்றேன். பார்த்ததில்லை. கடையில் இருந்த கருவியில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தால் 312. மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அத்தனை வைத்தியரில் ஒருவர்கூட ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

இன்னொரு இளைஞர், அயர்ன் மாஸ்டர், திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தார். முன்கூட்டியே மாத்திரை வேண்டுமாம். எப்போதாவது தொந்தரவு இருந்ததா என்றால் இல்லை. காலையில் எழும்போது விறைப்பு எப்படி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, அது சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தூக்கத்தில் ஓர் இரவுக்கு மூன்று நான்கு முறை உடம்பு தானாகவே சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. அவருக்கு இருந்தது பயம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் சுரந்தால் குழாய் சுருங்கும். ஒரு நாள் தடுமாறினால் மறுநாள் அந்த நினைப்பே தடுமாற வைக்கும். முதல் இரவிலேயே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, பெண்ணும் உங்களைப் போலவே பயந்துகொண்டுதான் இருப்பார், பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு இருமல் மிட்டாய் வாங்கக்கூட அவர் வரவில்லை. நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பயத்தை விதைப்பது எது என்று கேட்டால் உங்கள் விளம்பரப் பக்கத்தைக் காட்டுவேன். சுய இன்பத்தால் நரம்பு தளராது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதால் உடம்பு உருகிப் போகாது. இந்தப் பயத்தையே ஒரு மனநலச் சிக்கலாக மருத்துவர் என்.என்.விக் 1960-இல் பெயரிட்டு எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே பயத்தைக் கட்டம் கட்டி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

விற்கும் சரக்கும் சுத்தமாக இருப்பதில்லை. மூலிகை என்று விற்ற பொருட்களில் சில்டெனாபில் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. தலைவலி மாத்திரை கேட்டு வந்த ஒருவருக்கு முகம் சிவந்து, மூக்கு அடைத்திருந்தது. விளக்கைச் சுற்றி நீலமாகத் தெரிகிறது என்றார். பெயர் ஒட்டாத டப்பாவில் வாங்கிய கேப்ஸ்யூல் ஒன்றைச் சாப்பிட்டிருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நான்கு அறிகுறிகளையும் மாத்திரை அட்டையோடு வரும் தாளிலேயே படிக்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சில்டெனாபிலோடு சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மூலிகை என்று நம்புகிறவர் அதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யாரும் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பதில்லை.

மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் 1954-இலேயே வந்துவிட்டது. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகவோ இன்பத் திறனைக் கூட்டுவதாகவோ மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. விளம்பரம் கொடுத்தவரை மட்டுமல்ல, அதை வெளியிடுவதில் பங்கு வகிப்பவரையும் கட்டுப்படுத்தும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது.

அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அரசு மருத்துவமனையின் சிறுநீர்ப்பாதை மருத்துவர் ஒருவரிடமும் மனநல மருத்துவர் ஒருவரிடமும் மாறி மாறிக் கேள்வி பதில் வாங்கிப் போடுங்கள். பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்தால் கடிதங்கள் குவியும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குக் காலையில்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், மனம்விட்டுப் பேச 14416 என்ற அரசு எண் இருக்கிறது என்ற மூன்று வரிகளையாவது போடுங்கள்.

என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம். எழுதியவர் யார் என்று தெரிந்தால், ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் கேள்வி கேட்காத கடையாகப் பார்த்துப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருப்பூர்.