கிணத்துத் தண்ணீரில் பாடம் நடத்த உதவிய எல்லோருக்கும்

வணக்கமுங்க. பல்லடம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை எழுதுகிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரோடு தோட்டம் தோட்டமாக வந்தபோது, நாயைக் கட்டிவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி என்பதையும் சொன்ன எல்லாக் குடும்பங்களுக்கும் முதல் நன்றி. ஆழம் தெரியாமல் எண்ணை மட்டும் குறித்திருந்தால் பாதிக் கணக்குக்கூடத் தேறியிருக்காது.

அந்த மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்தும் மின்பகுளிகள் பற்றிய பாடத்தை இவ்வளவு சுலபமாக நான் நடத்தியதே இல்லை.

ஒரு தோட்டத்தில், "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது கண்ணு, அந்தக் கிணத்துத் தண்ணியில வெந்துரும்" என்றார் ஓர் ஆத்தா. இரண்டிலும் மீட்டர் காட்டியதோ கிட்டத்தட்ட ஒரே அளவு! பிள்ளைகள் விடவில்லை. திருப்பூரில் சாய ஆலை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோர் இரண்டு பாட்டிலையும் வாங்கிப் போனார். கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் சாயம் சீராக ஏறாது என்பதால், அவை எவ்வளவு இருக்கின்றன என்று, அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை. அடுத்த வாரம் வகுப்புக்கே வந்து செய்து காட்டினார். நிறங்காட்டி கலந்த தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்; கடினத்தன்மை கூடக் கூடச் சொட்டும் கூடும். ஒயின் சிவப்பு நீலமாக மாற, பருப்பு வேகும் தண்ணீருக்குச் சில சொட்டுகள் போதும், வேகாத தண்ணீருக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆத்தா சொன்னதுதான் சரி. அவருக்கும் ஆய்வகத்துக்காரருக்கும் தனி நன்றி.

பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் எண்களை ஏற்றி வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பழைய மாணவி, இப்போது பொறியியல் படிக்கிறார். ஒரே ஒரு போரின் பெரிய எண் சராசரியை மேலே இழுத்துவிட்டது. அந்த எண்ணை அழித்துவிடலாமா என்று ஒரு பையன் கேட்டான். அழிக்காதே, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவை எடுத்துப் பார் என்றார் அந்த மாணவி. கணக்கு ஆசிரியருக்கு அன்று ஒரே சந்தோஷம்.

அப்புறம், அவரவர் கிணத்து அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவை மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆனால் கிருமி, ஃப்ளோரைடு, நைட்ரேட் எதையும் இந்த மீட்டர் பிரித்துச் சொல்லாது. அதனால் குடிக்கலாமா என்பதைச் சீட்டை வைத்து மட்டும் முடிவு செய்துவிட வேண்டாம், முறையான ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் நம் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகு அதே கிணறுகளை மறுபடி அளக்க வருகிறோம். இந்த முறை விட்டுப்போன தோட்டத்துக்காரர்கள் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய போர் மூடிக் கிடந்தாலும் பரவாயில்லை, ஆழம் மட்டும் ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை