ஓப்பீர் சாலை ஆலயத்தில் உதவிய பெரியவருக்கு நன்றி

சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் என் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்ட வெள்ளைச் சட்டைப் பெரியவரே, இந்த நன்றி உங்களுக்கு.

அம்மா கிராமத்து ஆலயப் பங்கிலேயே வாழ்ந்து பழகியவர். திருவிழாக் கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள் செபம், தேர்பவனி, அசன விருந்து இல்லாத ஆண்டு அவருக்கு ஆண்டே அல்ல. சிங்கப்பூரில் என் வீட்டுக்கு வந்த நாள் முதல் முகம் வாடியே இருந்தார். நானோ வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் உங்கள் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து, "உட்காருங்கள் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஆலயத்தின் கதையைத் தொடங்கினீர்கள். குவீன் தெரு புனித பேதுரு, பவுல் ஆலயத்தில் சீனர்களோடு சேர்ந்து வழிபட்டுவந்த தமிழர்களுக்கு 1888இல் இந்த ஆலயம் எழும்பியது. 2005இல் தேசிய நினைவுச்சின்னமானது. இதெல்லாம் ஏட்டில் கிடைக்கும். தமிழ்ப் பாடற்குழுவில் நீங்கள் சேர்ந்த கதையும், பிப்ரவரி 11 திருவிழாவுக்குப் பூக்கட்டும் பெண்கள் யார் யார் என்பதும் எந்த ஏட்டில் இருக்கிறது? அம்மா கண் இமைக்காமல் கேட்டார். பிறகு தம் ஊர்த் தேரின் உயரத்தை உங்களுக்குக் கைகாட்டி விளக்கினார். அவர் அப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அம்மா இப்போது பூக்கட்டும் குழுவில் சேர்ந்துவிட்டார், ஐயா. மிக்க நன்றி.