இரண்டாவது படத்துக்கு நன்றி

அன்றிரவு எக்ஸ்ரே அறையில் பணியிலிருந்த சகோதரிக்கும், மயக்க மருந்து டாக்டருக்கும், காது மூக்கு தொண்டைப் பிரிவினர் அனைவருக்கும்,

வணக்கம். "காசு முழுங்கிட்டேன்" என்று சொன்ன மூன்று வயதுப் பெண்ணின் அப்பா எழுதுகிறேன்.

உங்களிடம் வருமுன் வேறோர் இடத்துக்குப் போயிருந்தோம். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காசுதானே, தானா வெளிய வந்துடும்" என்றார்கள். நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

சகோதரி, நீங்கள் பிள்ளையின் சங்கிலியைக் கழற்றச் சொல்லி, கனத்த ஈய அங்கியை எனக்கு மாட்டிவிட்டு, தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்கள். முதல் படத்தில் காறை எலும்புக்கு நேராக ஒரு வெள்ளை வட்டம். "பாருங்க, காசுதான்" என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கினீர்கள். "விளிம்புக்குள்ள இன்னொரு வளையம் தெரியுது. காசுக்கு இப்படி இருக்காது." பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம். அதில் அந்த வட்டம் படிக்கட்டு போல ஓரிடத்தில் இறங்கியிருந்தது. நான் அங்கியைக் கழற்றுவதற்குள் நீங்கள் போனில்: "பட்டன் பேட்டரி. உணவுக்குழாய்ல." காசு போலவே வட்டமான சின்ன பேட்டரி.

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள்.

டாக்டர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பேட்டரிக்குள்ளிருந்து எதுவும் ஒழுக வேண்டியதே இல்லையாம். ஈரமான சதையில் ஒட்டியதுமே மின்சாரம் ஓடி, பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) பக்கம் காரம் (ஆல்கலி) உண்டாகி சதையை அரிக்கிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஆகிவிடலாம். படிக்கட்டு போல இறங்கிய அந்தக் குறுகலான பக்கம்தான் எதிர்மின் பக்கம். ஆகவே அது மூச்சுக்குழாயைப் பார்த்திருக்கிறதா, முதுகைப் பார்த்திருக்கிறதா என்பதையும் அந்தப் பக்கவாட்டுப் படமே சொல்லிவிட்டது. எங்கள் நல்ல நேரம், முதுகுப் பக்கம்.

"பலூன் ஊதுவோமா?" என்று கேட்டே அவளைத் தூங்கவைத்த மயக்க மருந்து டாக்டருக்கு, அவளை அழவிடாமல் என் கையிலிருந்து வாங்கியதற்காகத் தனி நன்றி. எடுத்த பேட்டரியைச் சின்ன டப்பாவில் காட்டினார்கள்: 20 மில்லிமீட்டர், ஒரு முகம் கருகியிருந்தது. மூக்குவழிக் குழாயில் பாலூட்டிய செவிலியர்களுக்கும், வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எங்கும் கசிகிறதா என்று திரையில் பார்த்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் போன இடத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ரிமோட்டைக் கழற்றிப் பேட்டரியை மேசையில் வைத்தவன் நான்தான்.

உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் வருகிறோம். சகோதரி, உங்களை அவள் 'போட்டோ அத்தை' என்கிறாள். தன் படத்தை இன்னும் பார்க்கவில்லை என்று ஒரே நச்சரிப்பு. வரும்போது காட்டிவிடுங்கள்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பா